ஜெபம் வறண்டுபோனால் கடவுள் போய்விட்டாரா?

கேள்வி:

சிஸ்டருக்கு வணக்கம். பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கணவர் விசைப்படகில், கிடைக்கிற மீனில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. ஜனவரி மாதம் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. முன்பே ஒரு தடவை பிடிபட்டு எச்சரித்து விடப்பட்டவர் என்பதால் இந்தத் தடவை தண்டனை கொடுத்துவிட்டார்கள். ஜூன் 13 அந்தோணியார் திருநாளுக்குள் வந்துவிட்டால் ஊருக்குச் சாப்பாடு போடுவதாக நேர்ந்துகொண்டேன். திருநாளும் போய்விட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எல்லாரும் மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனார்கள். எங்கள் தெருவில் என் வீட்டில் மட்டும்தான் அன்றைக்குச் சோறு கட்டவில்லை. ஜெபமாலை எடுத்தால் வாய்தான் அசைகிறது, மனசு கல்லாகிவிட்டது. அன்பியத்தில் (எங்கள் தெருக்காரர்கள் கூடும் ஜெபக்குழு) ஒரு அக்கா, "உங்கள் வீட்டில் மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் ஜெபம் மேலே போகவில்லை" என்றார். ஒன்பதாவது படிக்கும் மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறேன் என்கிறான். அண்ணன் திருப்பூருக்கு வா, பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது என்கிறார். ஊரில் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுவில் சேரச் சொல்கிறார்கள். குழுக்கடன்காரர் வாரா வாரம் வாசலில் நிற்கிறார். சோறு இறங்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. பஸ்ஸில் பாலம் தாண்டும்போது ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை. கடவுள் என்னோடு இருக்கிறார் என்று எப்படி நம்புவது? எந்த வழியில் போகச் சொல்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். பாலம் தாண்டும்போது ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை. என்னிடம் வந்து பேசிய பெண்களில் சிலர் இதையே கிணற்றைச் சொல்லியும் தண்டவாளத்தைச் சொல்லியும் பேசியிருக்கிறார்கள். அதனால் நேராகவே கேட்கிறேன்: செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா? வருகிறதென்றால், அது பாவம் என்று பயந்து மறைக்காதீர்கள். இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது உங்கள் அம்மாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். 14416 என்ற எண்ணுக்கு ராத்திரி மூன்று மணிக்கும் போன் பண்ணலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. 104-க்கும் பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். தூக்கம் கெடுவது, சோறு இறங்காதது, எதிலும் மனசு ஒட்டாதது, இதெல்லாம் மாதக்கணக்கில் நீடித்தால் வைத்தியம் பார்க்க வேண்டியவைதான். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இறைவாக்கினர் எலியா பாலைவனத்தில் ஒரு செடி நிழலில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இவ்வளவு பெரிய ஆள் இப்படிக் கேட்கலாமா என்று கடவுள் கோபப்படவில்லை. வானதூதர் வந்து தட்டி எழுப்பினார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள், ஏனென்றால் போக வேண்டிய தூரம் அதிகம். மலையில் கடவுள் அவரிடம் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்களுக்கும் முதலில் சோறும் தூக்கமும். வழி கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

சரி, அந்த அன்பியத்து அக்கா சொன்னதற்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே வருகிறது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு முகத்துக்கு நேராகச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து, நீ என்னவோ செய்திருக்கிறாய் என்று ஆரம்பித்ததும்தான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் திரும்பியது, புலம்பிய யோபுவின் மேல் இல்லை.

சிறைக்குப் போவதே கடவுள் கைவிட்டதற்கு அடையாளம் என்றால் நாம் எல்லாரும் ஓரியூர்த் திருத்தலத்துக்கு ஏன் போகிறோம்? போர்த்துகலிலிருந்து வந்து இங்கே வேதம் போதித்த அருளானந்தர் 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, சங்கிலியில் கிடந்து, சேதுபதி சீமையை விட்டுப் போ என்ற உத்தரவோடு வெளியே வந்தவர். திரும்பி வந்து மறுபடி பிடிபட்டார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். திருச்சபை 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டும் அவர் ரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டவர்கள் நம் சனங்கள்தான். உங்கள் கணவரை வேதசாட்சி என்று நான் சொல்லவில்லை. பிழைப்புக்காகப் போனார், பிடிபட்டார். எல்லையைப் பற்றிய வழக்கும் அரசியலும் இந்தப் பக்கத்தில் பேசித் தீராது. ஆனால் சிறைக்கம்பியை வைத்து ஒரு குடும்பத்தின் பாவக்கணக்கை எழுத யாருக்கும் உரிமை கிடையாது. அடுத்த முறை அந்த அக்கா ஆரம்பித்தால், "அக்கா, எனக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வாய்தான் அசைகிறது என்கிறீர்கள். அசையட்டும் அம்மா. அன்னை தெரசா 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியானபோது உலகமே திகைத்தது. கல்கத்தாவில் ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருடம், இடையில் சில வாரங்கள் தவிர, கடவுள் தன்னோடு இருப்பதாக அவருக்கு உள்ளத்தில் தோன்றவே இல்லை. ஜெபித்தால் வெறுமைதான் இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் கோயிலில் போய் முழங்கால் போட்டார், அப்புறம் எழுந்து தெருவுக்குப் போனார். அவர் தூக்கியெடுத்த ஒருவர்கூட, கடவுள் இங்கே இல்லை என்று நினைத்திருக்க மாட்டார்.

உணர்வு வேறு, இருப்பு வேறு. உடம்பு களைத்து, பயந்து, தூக்கமில்லாமல் இருக்கும்போது உணர்கிற சக்திதான் முதலில் மரத்துப்போகிறது. மகன் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம்கூட இப்போது உள்ளே தெரியாது. பாசம் போய்விட்டது என்று அர்த்தமா? காலையில் எழுந்து அவனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறீர்களே. கல்லான மனசோடு எடுக்கிற ஜெபமாலையும் அந்த வகைதான். ஐந்து பத்து மணியும் முடியவில்லை என்றால் ஒரு பத்து மணி சொல்லுங்கள். அதுவும் முடியாத நாளில் திருப்பாடல் 13-ஐ எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். இன்னும் எவ்வளவு நாள் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடம் நேருக்கு நேர் கேட்கிற பாட்டு அது. 88-ஆம் திருப்பாடல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள், வழிபாட்டில் பாடுகிறார்கள். கோபத்தோடு பேசுகிறவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் பேச்சை விடவில்லை.

இனி வழிகாட்டுதல். உங்கள் கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

வேதப்புத்தகத்தில் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை இன்று ராத்திரி மகனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடற்கரைப் பிள்ளைக்கு அது உள்ளூர்ச் செய்தி மாதிரி இருக்கும். திருத்தூதர் பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். இப்போது கிளம்பினால் சேதம் வரும் என்று சொல்லிப் பார்த்தார். கப்பல் ஓட்டியும் கப்பல்காரரும் சொன்னதுதான் எடுபட்டது. உங்கள் கணவரும் பங்குக்குப் போனவர்தானே, படகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவெடுத்தவர் அவர் இல்லை. வழியில் வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று பிடித்துக்கொண்டது. நம் பக்கத்தில் வாடைக்கொண்டல் என்போமே, அந்தத் திசைக் காற்று. சரக்கைக் கடலில் எறிந்தார்கள், கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள். பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. திசைகாட்டிக் கருவி இல்லாத காலம். வானம் மூடிவிட்டால் எங்கே போகிறோம் என்பதே தெரியாது. நீங்கள் இருக்கும் இடம் அதுதான்.

அந்த நேரத்தில் பவுலுக்குக் கடவுளின் தூதர் சொன்னதைக் கவனியுங்கள். கப்பல் போய்விடும், ஒரு உயிர்கூடப் போகாது. ஏதோ ஒரு தீவில் போய் ஒதுங்குவீர்கள். எந்தத் தீவு, எந்த நாள் என்று சொல்லவே இல்லை. பதினான்காம் நாள் நடுராத்திரியில் கரை நெருங்குவதாகக் கப்பலாட்களுக்குத் தோன்றியது. ஆழம் போட்டுப் பார்த்தார்கள், இருபது பாகம் (இரண்டு கையை விரித்த நீளம் ஒரு பாகம்). கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்கள், பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து பின்பக்கத்தில் நான்கு நங்கூரத்தை இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள்.

இந்த ஒரு வரியைத்தான் நான் உங்களுக்குத் தர விரும்புகிறேன். கடவுள் வாக்குக் கொடுத்திருந்தார், தூதர் வந்து பேசியிருந்தார். அப்படியிருந்தும் இருட்டில் கப்பலைக் கரைக்கு விடவில்லை. வெளிச்சம் வரும்வரை நின்ற இடத்தில் நின்றார்கள். அப்படி நின்றதுதான் அன்றைய ராத்திரிக்குக் கடவுள் காட்டிய வழி. சில கப்பலாட்கள் சின்னப் படகை இறக்கித் தப்பிக்கப் பார்த்தார்கள், பவுல் அதைத் தடுத்தார். விடியும் நேரத்தில், பதினான்கு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறீர்கள், சாப்பிடுங்கள் என்று சொல்லி, அப்பத்தை எடுத்து நன்றி சொல்லி, எல்லார் முன்னாலும் தானே முதலில் சாப்பிட்டார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். விடிந்த பிறகும் அது எந்தக் கரை என்று அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கப்பல் தரைதட்டி உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். மழையிலும் குளிரிலும் நடுங்கி வந்தவர்களுக்கு அந்த மால்டா தீவுக்காரர்கள் தீ மூட்டிக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள், மொழி தெரியாதவர்கள். பவுல் அதற்குப் பிறகும் கைதிதான், ரோமுக்குப் போயும் இரண்டு வருடம் காவலில் இருந்தார். அதனால் உங்கள் கணவர் இந்தத் தேதிக்கு வந்துவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கிற யாரையும் நம்பாதீர்கள், ஜெபக்கூட்டத்தில் சொன்னாலும் சரி.

இப்போது திருப்பூர். அருளானந்தர் சார்ந்த சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார், ஆன்மா வறண்டு இருண்டு கிடக்கிற காலத்தில் பழைய தீர்மானங்களை மாற்றாதே என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி எழுதிவைத்தார். மனநல ஆலோசனையில் நாங்களும் இதையேதான் சொல்கிறோம். தூக்கமில்லாத மூன்று மணிக்குப் பயம்தான் பேசும். ஆகவே அண்ணனிடம் வரமாட்டேன் என்று சொல்ல வேண்டாம், இப்போது இல்லை அண்ணே என்று சொல்லுங்கள். ஒரு நோட்டில், திருப்பூர் போக வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் எத்தனை மணிக்குத் தோன்றியது என்று குறித்துவையுங்கள். சாப்பிட்டு, தூங்கி எழுந்த பகல் பத்து மணிக்கும் அது நல்ல யோசனையாகவே தெரிந்தால், வாரக்கணக்கில் அப்படியே தெரிந்தால், அதை எடுத்துக்கொண்டு கோயிலில் உட்காருங்கள். பயத்தில் பிறந்த யோசனை அவசரப்படுத்தும். கடவுள் காட்டுகிற வழிக்கு அந்த அவசரம் இருக்காது.

அதுவரைக்குப் பாசிக் குழு நல்ல நங்கூரம் என்பது என் அபிப்பிராயம். இப்போது ஜூலை. கப்பா பாசி மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கலாம். ஐப்பசியில் வாடை எழும்பி வடகடல் கொந்தளிப்பதற்குள் இரண்டு அறுவடை பார்த்துவிடலாம். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. கரையில் ஓலைக்கொட்டகைக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, நீட்டிப்போட்ட கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்துகொண்டிருப்பார்கள். விரல் ஓயாது, உப்புத்தண்ணீரில் ஊறித் தோல் வெளுத்திருக்கும். பேச்சும் ஓயாது. அங்கே ஒருத்தி தன் வீட்டுக்காரர் யாழ்ப்பாணச் சிறையில் இருந்த கதையைத் தானாகவே எடுப்பாள். இன்னொருத்தி வேறெங்கோ பார்த்துக்கொண்டே தன் சோற்றில் பாதியை உங்கள் தட்டில் தள்ளுவாள். தனியாக வீட்டுக்குள் முழங்காலில் கிடைக்காத கடவுளை நீங்கள் அங்கே சந்திக்கக்கூடும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். மால்டாவில் கடவுள் தீ மூட்டிக் கொடுத்தவர்களின் உருவில் வந்தார்.

மகன் விஷயம் தள்ளிப்போடக் கூடாதது. அவன் படிப்பை வெறுத்துச் சொல்லவில்லை. அப்பா இடத்தில் யாராவது நிற்க வேண்டும் என்று நினைக்கிறான். அதனால் திட்டாதீர்கள், அழுது தடுக்கவும் வேண்டாம். "நீ எனக்குத் துணையா நிக்கணும்னு நினைக்கிற பாரு, அது எனக்குப் பெரிய பலம். ஆனா கடலுக்கு ஒருத்தரை அனுப்பிட்டு நான் காத்திருக்கேன், ரெண்டு பேரை அனுப்ப என்னால முடியாது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டில் அவனுக்கென்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். குழுக்கணக்கு எழுதட்டும், மீன்வளத்துறை அலுவலகத்துக்கு மனு எழுதட்டும், ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு உட்கார்ந்து வலை சரிசெய்யட்டும். வகுப்பாசிரியரிடம் நீங்களே போய் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்கு மாநில அரசு தினசரி உதவித்தொகை தருகிறது. உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் போய்ப் பாருங்கள், சங்கத்துக்காரர் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதீர்கள். கடன்காரர் வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் சட்டமே வந்திருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100-க்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். இதையெல்லாம் செய்வது விசுவாசம் இல்லாத காரியம் என்று நினைக்காதீர்கள். தூதர் வந்து சொன்ன பிறகும் ஆழம் போட்டுப் பார்த்தார்கள்.

நேர்ச்சையைப் பற்றிக் குழம்பியிருக்கிறீர்கள். நீங்கள் வைத்த நிபந்தனை நிறைவேறவில்லை, எனவே சாப்பாடு போட வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏமாற்றிவிட்டீரே என்று அவர் சுரூபத்துக்கு முன்னால் நின்று சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், நம் தாய்மார்கள் காலங்காலமாக அவரிடம் அப்படித்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். புதிதாகத் தேதி வைத்து இன்னொரு நேர்ச்சை மட்டும் வேண்டாம். தேதி வைத்தால் அந்தத் தேதி போகிற அன்று மறுபடி உடைந்துபோவீர்கள்.

கடைசியாக, கணவருக்குக் கடிதம் எழுதினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் சிறையில் நம் மீனவர்களைப் போய்ப் பார்ப்பது வழக்கம். ஒரு பக்கம் எழுதினால் போதும். மகன் பள்ளிக்குப் போகிறான் என்பதை முதல் வரியில் வையுங்கள், அவர் முதலில் தேடுவது அதைத்தான். திருப்பூர் யோசனையையும் எழுதி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள், முடிவில் அவருக்கும் பங்கு இருக்கட்டும். ராத்திரி எத்தனை மணிக்கு ஜெபமாலை சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதே நேரத்தில் அவரும் அங்கே ஒரு பத்து சொல்லலாம். எழுதி முடித்ததும் மீனவர் சங்கத் தலைவரிடம் கொடுத்து, அதிகாரிகள் அடுத்து எப்போது சிறைக்குப் போகிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.